தெரிந்தவர் பெயரில் வந்த கடிதம்

2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஓர் இரவு கனடாவிலிருந்து எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். அண்ணை என்றே நான் அழைத்துப் பழகியவர். வழமையாக ஊர்ப்புதினத்துடன் பேச்சைத் தொடங்குபவர், அன்று சிறிது நேரம் ஒன்றும் பேசாமலே இருந்தார். பின்னர் மெதுவாக விடயத்துக்கு வந்தார்.

அவர் வழிபடச் செல்லும் கோயிலின் பரிபாலன சபைத் தலைவரின் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நலம் விசாரித்து இரண்டு வரிகள். தாம் ஒரு கூட்டத்தில் இருப்பதாகவும், தொலைபேசியில் பேச இயலாதென்றும், வைத்தியசாலையில் இருக்கும் ஒரு பிள்ளைக்காக அவசரமாகச் சில பரிசு அட்டைகள் தேவைப்படுவதாகவும், பணத்தை அன்று மாலையே தந்துவிடுவதாகவும் எழுதப்பட்டிருந்தது. அண்ணை பனியில் நடந்து கடைக்குப் போய், நூறு டொலர் அட்டைகள் ஐந்தை வாங்கி, பின்புறத்தைச் சுரண்டி, இலக்கங்களைப் படம்பிடித்து அனுப்பிவிட்டார். சிறிது நேரத்தில் மேலும் ஐந்து அட்டைகள் வேண்டுமென்று பதில் வந்தது. மீண்டும் கடைக்குப் போனபோது, காசாளராக இருந்த இளம்பெண், "யாராவது கேட்டுத்தான் இவற்றை வாங்குகிறீர்களா?" என்று வினவினாளாம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"காசு போனது பெரிசில்லை, தம்பி. தலைவரைக் கோயிலிலை கண்டால் இப்ப முகம் பார்க்கக் கூச்சமாயிருக்கு. அந்த மனிசன் ஒரு பிழையும் செய்யேல்லை. எண்டாலும் அவற்றை பெயரைக் கேட்டால் எனக்கு அந்தக் கடையடிதான் நினைவுக்கு வருது" என்றார். ஏன் முதலில் தலைவருக்கு ஓர் அழைப்பு எடுக்கவில்லை என்று கேட்டேன். "அவரிட்டைத் திருப்பிக் கேட்கிறது மரியாதையில்லை எண்டு நினைச்சன்" என்றார். ஒருவருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இப்போது அவரது அனுமதியுடனேயே, பெயரையும் ஊரையும் தவிர்த்து இதனை எழுதுகிறேன்.

கணிதம் கற்பித்த ஒருவர் இவ்வளவு எளிதில் ஏமாறலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நான் அவ்வாறு நினைக்கவில்லை. அவ்வாறு நினைக்க எனக்கு உரிமையும் இல்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன்னர், இந்த மோசடிக்கு உள்ள நீண்ட வரலாற்றைச் சற்றே பார்ப்போம். கணினி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதன் உபாயங்கள் அனைத்தும் மனிதர்களுக்குத் தெரிந்திருந்தன.

திருக்கோவலூரில் ஓர் இரவு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு வருகிறது. கோயில் குருபூசைகளில் அதனை நாம் பக்தியோடு கேட்டிருக்கிறோம். அதை ஒரு மோசடியின் விவரணமாகவும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

சேதி நாட்டைத் திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருளாரைப் போர்க்களத்தில் வெல்ல முத்தநாதன் பலமுறை முயன்று தோற்றான். சிவனடியார்மீது மன்னர் கொண்டிருந்த அளவற்ற அன்பை அறிந்து, அந்த அன்பையே வழியாகக் கொண்டான். மேனியெங்கும் நீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து, இரவில் அரண்மனைக்கு வந்தான். வேடத்தைக் கண்ட காவலர் வாயில்தோறும் வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் என்ற காவலன் மாத்திரம், மன்னர் உறங்கும் வேளை இது என்று தடுத்தான். வந்தவனோ, தான் உறுதிப்பொருள் உரைக்க வந்திருப்பதாகச் சொல்லி, அவனைக் கடந்து உள்ளே சென்றான். வேறெங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அதனைத் தனிமையிலேயே சொல்ல வேண்டுமென்றும் கூறி, அருகிலிருந்த அரசியாரை விலகச் செய்தான். மன்னர் தாழ்ந்து வணங்கியபோது கட்டை அவிழ்த்துத் தன் எண்ணத்தை முடித்தான்.

இன்றைய மோசடிக் கடிதம் ஒன்றை எடுத்து இதன் அருகே வைத்துப் பாருங்கள். இலக்கு வைக்கப்பட்டவரின் பற்று எதன்மீது என்று முதலில் அறியப்படுகிறது. அந்தப் பற்றுக்குரிய வேடம் அணியப்படுகிறது. வழமைக்கு மாறான வேளையில் வருகை நிகழ்கிறது. வேறெவருக்கும் கிடைக்காத ஒன்று உமக்கு என்று சொல்லப்படுகிறது. அருகிலிருப்போரை விலக்கிவிடும் கோரிக்கை வைக்கப்படுகிறது. முடிவில், திறக்கக்கூடாத கட்டுத் திறக்கப்படுகிறது.

வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டு, கொன்றவனையும் பத்திரமாக ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும்படி தத்தனுக்குப் பணித்தது நாயனாரின் பெருமை. அதனைக் குறைகூற நான் வரவில்லை. அவர் ஈந்தது தமது உயிரை. ஆனால் கோயிற் பணமும் சங்கப் பணமும் பிறருடைய நம்பிக்கையும் எவர் கையில் இருக்கின்றனவோ அவர்கள் தத்தனாக நிற்பதே தகும். அவன் அடியாரை அவமதிக்கவில்லை. வேளை சரியில்லை என்று மாத்திரமே சொன்னான்.

பாரிஸ் சிறையிலிருந்து எழுதப்பட்டவை

ஐரோப்பாவில் இதே உபாயம் கடித வடிவம் பெற்றதைப் பிரெஞ்சுக்காரரான விடொக் பதிவு செய்துள்ளார். இவர் குற்றவாளியாகச் சிறைகளில் வாழ்ந்து, பின்னர் பாரிஸ் பொலிசின் இரகசியப் பிரிவுக்குத் தலைவராக உயர்ந்த விசித்திர மனிதர். 1828ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்த தமது நினைவுக் குறிப்புகளில், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய காலத்தில் பிசெற்ர் சிறைக் கைதிகள் எழுதிய கடிதங்களைப் பற்றிக் கூறுகிறார். கைதிகளின் குழூஉக்குறியில் அவற்றுக்கு "ஜெருசலேம் கடிதங்கள்" என்று பெயர்.

புரட்சிக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடிய ஒரு பிரபுவின் பணியாள் எழுதுவதாகக் கடிதம் அமைந்திருக்கும். தப்பியோடும் வழியில் பொன்னும் வைரமும் நிறைந்த பெட்டியை ஓரிடத்தில் மறைத்துவிட்டதாகவும், அதனை மீட்க வந்த இடத்தில் தான் சிறைப்பட்டதாகவும், சிறிது பண உதவி கிடைத்தால் பெட்டி இருக்குமிடத்தைக் காட்ட முடியுமென்றும் அதில் எழுதப்பட்டிருக்கும். நூறு கடிதங்கள் போனால் இருபதுக்குப் பதில் வந்தது என்கிறார் விடொக்.

இந்த விகிதத்துக்கு அவர் கூறும் விளக்கமே கவனிக்கத்தக்கது. கைதிகள் கண்டவருக்கெல்லாம் எழுதவில்லை. பழைய அரச ஒழுங்கின்மீது பற்றுக்கொண்டவர்கள் என்று அறியப்பட்டோரின் முகவரிகளைத் தேடிப்பிடித்தே எழுதினர். தம் கட்சியைச் சேர்ந்தவர் துன்பத்தில் இருக்கிறார் என்றதும் மனிதருக்கு ஆராயும் புத்தி மங்கிவிடுகிறது என்பது அவரது கருத்தின் சாரம். ஏமாந்தவர்களின் பேராசையை மட்டும் பழிப்பவர்கள் இதனைக் கவனிப்பதில்லை. எழுதுபவன் தேடியது விசுவாசத்தை.

இதன் வழித்தோன்றலே பிற்காலத்தில் "ஸ்பானியக் கைதி" மோசடி என்று பெயர்பெற்றது. 1898ஆம் ஆண்டு மார்ச்சில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அதைப்பற்றி எழுதியபோதே, பழைய மோசடியொன்று மீண்டும் தலைதூக்குவதாகத்தான் குறிப்பிட்டது. நைஜீரிய இளவரசர்களின் பெயரில் 1990களில் தொலைநகலிலும் மின்னஞ்சலிலும் வந்த கடிதங்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

அதிகாரத்தின் வேடம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஜேர்மனியில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி வில்ஹெல்ம் ஃபொய்க்ட் என்ற சப்பாத்துத் தொழிலாளி, பழைய கடைகளில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த கப்டன் சீருடையை அணிந்து, பேர்லின் தெருவில் கண்ட சில சிப்பாய்களுக்குக் கட்டளையிட்டுத் தம்முடன் அழைத்துச் சென்றார். கோபெனிக் நகரசபைக்குள் புகுந்து, நகரபிதாவைக் கைதுசெய்யுமாறு பணித்து, கருவூலத்திலிருந்த ஏறத்தாழ நாலாயிரம் மார்க்கைப் பற்றுச்சீட்டும் கொடுத்துப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். பத்து நாள்களில் அவர் பிடிபட்டார். நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1908இல் கைசரால் மன்னிக்கப்பட்டார். உலகம் சிரித்தது. ஆயினும் அந்த நகரசபையில் இருந்த ஒருவராவது, "எங்கிருந்து வந்த கட்டளை?" என்று பேர்லினுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்கவில்லை.

சூறாவளிக்குப் பின் வந்த ஒரு கடிதம்

இனி என் கதைக்கு வருகிறேன். அண்ணையிடம் அன்றிரவு சொல்லும்வரை இதனை நான் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்கிலங்கையைச் சூறாவளி தாக்கியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் முறிந்து சாய்ந்தன. வீடுகளும் பாடசாலைகளும் கூரையிழந்தன. அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் சேர்ந்து அதிக காலம் ஆகாத இளைஞன். நிவாரணச் செய்திகளைத் தொகுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. நாள்தோறும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன.

அவற்றுள் ஒன்று மட்டக்களப்பு மாவட்டத்துப் பாடசாலையொன்றின் தலைமையாசிரியர் எழுதியது. கூரை பறந்துவிட்டது, பிள்ளைகள் மரத்தடியில் இருக்கிறார்கள், புத்தகங்கள் நனைந்துவிட்டன என்று உருக்கமாக எழுதப்பட்டிருந்தது. பாடசாலையின் பெயர் அச்சிட்ட தாள்; அடியில் முத்திரையும் கையொப்பமும். அந்தப் பெயரைக் கண்டதும் எனக்கு உள்ளம் நெகிழ்ந்தது. கிழக்குக்கு மாற்றலாகிச் செல்லுமுன் எங்கள் ஊரில் எனக்குத் தமிழ் கற்பித்தவர் அவர். அவரது கையொப்பத்தை நான் முன்னர் ஊன்றிக் கவனித்ததில்லை. ஆயினும் பெயர் தெரிந்ததால், கையொப்பமும் தெரிந்ததாகவே எனக்குத் தோன்றியது.

காசுக்கட்டளை அனுப்ப வேண்டிய முகவரி மாத்திரம் கொழும்பு புறக்கோட்டையில் இருந்தது. கிழக்கில் தபால் போக்குவரத்துச் சீரில்லாதபடியால் ஓர் உறவினரின் முகவரியைத் தருவதாக அதற்கும் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்த நேரம். மட்டக்களப்பிலிருந்த எமது நிருபருக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தால் ஒரு வாரத்தில் பதில் கிடைத்திருக்கும். பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள் என்று எண்ணினேன். ஒரு வாரம் காத்திருப்பது பாவமாகப்பட்டது. மறுநாள் இதழிலேயே, என் ஆசிரியரைப் பற்றி இரண்டு வரி நானும் சேர்த்து எழுதி, வேண்டுகோளை வெளியிட்டேன்.

1979 மாசி மாதத்தில் அவரே காரியாலயத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்று வணங்கினேன். கையிலிருந்த பத்திரிகை நறுக்கை மேசையில் வைத்தார். "இதை நான் எழுதேல்லை, தம்பி. காசு வந்ததோ, கூரை எங்கை எண்டு சனம் என்னைக் கேட்குது" என்றார். கோபித்துப் பேசவில்லை. நாற்காலியில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

புறக்கோட்டை முகவரியில் விசாரித்தபோது, அங்கு அறையெடுத்திருந்த ஆள் எப்போதோ போய்விட்டிருந்தான். எவ்வளவு பணம் போனது என்று எவராலும் கணக்கிட முடியவில்லை. மஸ்கெலியாவிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி, தான் அனுப்பிய பத்து ரூபா பிள்ளைகளுக்குக் கிடைத்ததா என்று கேட்டெழுதிய தபாலட்டை ஒன்று மாத்திரம் என் மேசைக்கு வந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் பல நாள்கள் வைத்திருந்து, கடைசியில் எழுதாமலே விட்டேன். பத்திரிகையில் ஒரு விளக்கக் குறிப்பு வெளிவந்தது. வேண்டுகோள் மூன்றாம் பக்கத்தில் தலைப்போடு வந்திருந்தது. விளக்கமோ உட்பக்கமொன்றின் மூலையில் நான்கு வரியாக வந்தது. தலைமையாசிரியர் அடுத்த ஆண்டே வேறிடத்துக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டாரெனப் பின்னர் அறிந்தேன். அவர் மறைந்து பல ஆண்டுகளாகின்றன.

பணமிழந்தவர்களைப் பற்றியே இத்தகைய செய்திகளில் நாம் பேசுகிறோம். பெயர் களவாடப்பட்டவர் இழப்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அவருக்கு அதை ஈடுசெய்ய எந்தக் காப்புறுதியும் இல்லை.

உறையில் எழுதிய பெயர்

மின்னஞ்சல் இந்தப் பழைய வித்தைக்குப் புதிய வாகனமானது. மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி கடத்தும் விதிமுறையை ஜோன் பொஸ்டல் 1982 ஓகஸ்டில் வரையறுத்தபோது, இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் சேர்ந்த சிறு கூட்டத்தினர். அனுப்புநர் யாரென்று உறுதிப்படுத்தும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. தபாலுறையின் பின்புறத்தில் எவர் பெயரையும் எழுதலாம். தபாற்காரர் அதை விசாரிப்பதில்லை. மின்னஞ்சலும் அவ்வாறே பிறந்தது.

1990களின் நடுப்பகுதியில், அமெரிக்கா ஒன்லைன் சேவையைப் பயன்படுத்தியோருக்கு அந்நிறுவனத்தின் ஊழியர் போன்று செய்தியனுப்பி, கணக்கைச் சரிபார்க்க வேண்டுமெனச் சொல்லிக் கடவுச்சொல்லைக் கறந்தனர் சில இளைஞர்கள். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி இதற்குப் பிஷிங் என்று பெயரிட்டனர். தூண்டில் மோசடி என்று நாம் சொல்லலாம். எமது ஊழியர் எவரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்று அந்நிறுவனம் அறிவித்தல் இட வேண்டியதாயிற்று. வங்கிகளும் அரச நிறுவனங்களும் இன்றுவரை அதே வாசகத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி பரவிய "ஐ லவ் யூ" நச்சுநிரல் ஒரு படி முன்னேறியது. இணைப்பைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அவர் பெயரிலேயே அது தன்னை அனுப்பிக்கொண்டது. பிலிப்பைன்ஸில் அது தோன்றியது. தண்டிக்க அப்போது அந்நாட்டில் சட்டமில்லாததால் சந்தேகநபர் விடுவிக்கப்பட்டார். இலங்கையில் கணினிக் குற்றச் சட்டம் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது.

புலம்பெயர்ந்தோர் என்ற வகையில் நாம் கருத்தூன்ற வேண்டிய சம்பவம் 2009 மார்ச்சில் வெளிவந்தது. தர்மசாலாவிலுள்ள தலாய் லாமாவின் காரியாலயக் கணினிகளை ஆராய்ந்த ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்தம் சகாக்களும், 103 நாடுகளில் 1,295 கணினிகளை ஊடுருவிய உளவு வலையொன்றைக் கண்டறிந்தனர். கோஸ்ற்நெட் என்று அதற்குப் பெயரிட்டனர். திபெத்திய ஆதரவு அமைப்பொன்றின் முகவரியிலிருந்து வந்தது போன்ற மின்னஞ்சலில், விடுதலை இயக்கம் பற்றிய ஆவணமென்று ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. திறந்தவரின் கணினி பிறர் கைக்குப் போனது. முத்தநாதனின் புத்தகக் கட்டுத்தான் அது. திபெத்தியர் பின்னர் தம் மக்களுக்கு நடத்திய விழிப்புணர்வு இயக்கத்தில், இணைப்புகளின்மீது பற்று வையாதீர் என்ற பொருள்படும் வாசகத்தைப் பயன்படுத்தினர். பற்றறுத்தலைப் போதிக்கும் பௌத்தத் துறவிகளுக்கு அது எளிதில் விளங்கியது.

தலைவரின் பெயரும் பரிசு அட்டையும்

2019 யூலையில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. போதகர், யூத மதகுரு, பாதிரியார், இமாம், ஆயர் ஆகியோரின் பெயரில் வழிபடுவோருக்குச் செய்தியனுப்பி, நற்பணிக்கென்று பரிசு அட்டைகளை வாங்கி இலக்கங்களை அனுப்பும்படி கேட்கிறார்கள் என்பதே அது. எமது கோயில்களுக்கு வந்ததும் இதே கடிதந்தான். பெயர்கள் மட்டும் மாறின.

இவர்களுக்குப் பெயர்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? நாமே கொடுக்கிறோம். திருவிழா மலரில் பரிபாலன சபையின் பெயர்ப்பட்டியல் படங்களுடன் இருக்கிறது. பழைய மாணவர் சங்கத்தின் பக்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், மின்னஞ்சல் முகவரிகள் அனைத்தும் இருக்கின்றன. எவர் எவரை மதிப்பவர், எவர் எவருக்கு மறுத்துப் பேசமாட்டார் என்பதை அப்பட்டியலே சொல்லிவிடுகிறது. விடொக்கின் கைதிகள் முகவரி தேடச் சிரமப்பட்டார்கள். இன்றைய ஆளுக்கு அச்சிரமம் இல்லை.

பரிசு அட்டையை ஏன் கேட்கிறார்கள்? வங்கிப் பரிமாற்றத்துக்குக் கணக்கும் பெயரும் பதிவும் உண்டு. அட்டையின் இலக்கம் கிடைத்தவுடன் பெறுமதியை உலகின் எம்மூலையிலிருந்தும் எடுத்துவிடலாம்; எடுத்தவரின் பெயர் எங்கும் பதிவாவதில்லை.

அனுப்புநரைச் சரிபார்க்கும் முறைகள் இப்போது இல்லாமலில்லை. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற ஏற்பாடுகள் கடந்த இருபதாண்டுகளில் படிப்படியாக வந்தன. 2024 பெப்ரவரி முதல், பெருந்தொகையாக மடல் அனுப்புவோர் இவற்றைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமென்று கூகிளும் யாகூவும் விதித்தன. ஆனால் இவை சரிபார்ப்பது முகவரியின் நிறுவனத்தை மாத்திரமே. ஒருவன் இலவசமாக ஒரு மின்னஞ்சற் கணக்கைத் திறந்து, பெயரிடும் இடத்தில் உங்கள் தலைவரின் பெயரை எழுதினால், சோதனைகள் அனைத்தையும் அக்கடிதம் ஒழுங்காகக் கடந்து வரும். கைத்தொலைபேசித் திரையில் பெயர் மட்டுமே தெரியும். அதைத் தொட்டால்தான் முகவரி தெரியும். அண்ணை பின்னர் தொட்டுப் பார்த்தபோது, தலைவரின் பெயருக்குப் பின்னால் சம்பந்தமேயில்லாத எழுத்துகளும் இலக்கங்களும் இருந்தன. புறக்கோட்டை முகவரியை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

வட்ஸ்அப்பில் இது இன்னும் தந்திரமாக நடக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து, தவறுதலாக உமக்கு ஆறிலக்கக் குறியீடு ஒன்று வந்துவிட்டது, அதைத் திருப்பி அனுப்பும் என்று செய்தி வரும். அது உங்கள் கணக்கின் திறவுகோல். அனுப்பினால் உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். அதன்பின் உங்கள் இலக்கத்திலிருந்தே, உங்கள் படத்துடன், உங்கள் குழுக்களுக்குள் அவன் கடன் கேட்பான். இங்கு முகவரியும் பொய்யாக இராது.

குரலையும் முகத்தையும் இனி நம்ப முடியாது. 2019இல் பிரித்தானிய எரிசக்தி நிறுவனமொன்றின் தலைவர், தமது மேலதிகாரியின் குரலைப் போன்று செயற்கையாக உருவாக்கப்பட்ட குரலைக் கேட்டு 220,000 யூரோவை அனுப்பினார். 2024இல் வெளிவந்த ஹொங்கொங் சம்பவத்தில், அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் காணொளிக் கூட்டத்தில் கண்ட சக அதிகாரிகள் அனைவரும் போலிகள். 200 மில்லியன் ஹொங்கொங் டொலர் போயிற்று. அந்த ஊழியருக்கு முதலில் சந்தேகம் எழுந்திருந்தது. தெரிந்த முகங்களைக் கண்டதும் அச்சந்தேகம் அகன்றது.

ஒருவர் கேட்ட கேள்வியின் பெறுமதிக்கு இலங்கையோடு தொடர்புள்ள உதாரணம் ஒன்றுண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், அவ்வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 கட்டளைகள் அனுப்பினர். கேட்ட தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். வேலைகேட்டு விண்ணப்பிப்பவர் போல முந்திய ஆண்டு அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள்தான் அவர்கள் நுழைந்த வாசல் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் பின்னர் கூறியது. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் கணக்குகளுக்குப் போனது. இலங்கையிலுள்ள ஓர் அமைப்புக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியனில், மன்றம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் எழுத்துப்பிழையாக இருந்தது. இடைநின்ற டொய்ச்சு வங்கி அதைக் கவனித்து விளக்கம் கேட்டது. அந்தப் பணம் திரும்பிவிட்டது.

அந்தக் காலத்தில் எழுத்துப்பிழை ஓர் அடையாளமாக இருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு பிழையற்ற தமிழில் எழுதிக் கொடுக்கிறது. ஆகவே பிழையைத் தேடுவதைவிடக் கோரிக்கையின் வடிவத்தைக் கவனிப்பதே பயன்தரும். அவசரம், தொலைபேசியில் பேச முடியாதென்ற சாட்டு, பிறருக்குச் சொல்லவேண்டாமென்ற கேட்பு, மீளப்பெற முடியாத வழியில் பணம் என்ற நான்கில் இரண்டு சேர்ந்து வந்தாலே நின்றுவிட வேண்டும். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதிக் கேட்பதால் பயனில்லை. பதில் அவனுக்கே போகும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்துங்கள். ஆறிலக்கக் குறியீட்டைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் அட்டை நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அந்த மணித்தியாலத்திலேயே அறிவியுங்கள். பயன்படுத்தப்படாத தொகை சில வேளைகளில் தப்பும். இலங்கையில் இருப்போர் 101 என்ற இலக்கத்தில் கணினி அவசர உதவிப் பிரிவுடன் பேசலாம்.

கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு கடமையுண்டு. தனிப்பட்ட செய்தி மூலம் நாம் ஒருபோதும் பணமோ பரிசு அட்டையோ கேட்கமாட்டோம் என்பதை ஒவ்வொரு திருவிழா அறிவித்தலிலும் எழுதுங்கள். பெரியவர்களைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தைப் பெரியவர்களே மாற்ற வேண்டும். "என்பெயரில் எது வந்தாலும் எனக்கு அழைத்துக் கேளுங்கள்" என்று தலைவர் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதையாகிவிடும்.

அன்றிரவு என் கதையைக் கேட்டபின் அண்ணை நெடுநேரம் பேசவில்லை. "அந்த வாத்தியாரிட்டைப் பிறகு கதைச்சனியோ?" என்று மாத்திரம் கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தலைவரைத் தேடிப்போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். தலைவருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. அன்றே மற்ற அங்கத்தவர்களிடம் விசாரித்தபோது, அதே கடிதம் இன்னும் ஒன்பது பேருக்கு வந்திருந்தது தெரிந்தது. அவர்களுள் இருவர் அட்டை வாங்கிக் கொடுத்திருந்தனர். ஒருவர் அண்ணைக்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே ஏமாந்தவர். வெட்கத்தினால் அவர் வீட்டாருக்கும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் அண்ணையின் ஐந்நூறு டொலர் தப்பியிருக்கும். அண்ணை அவரைக் குறைசொல்லவில்லை. அவர் செய்ததைத்தான் தானும் செய்ய இருந்ததாக என்னிடம் சொன்னார்.